வேகமானி இல்லாத வேகம்

நுழையும்முன்

காராயினும் பேருந்தாயினும் ஓட்டுநரின் கண்ணெதிரே ஒரு கருவி இருக்கும். வண்டி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்பதை அது காட்டும். அதனை வேகமானி என்பர். ஆனால், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் அமெரிக்க ஸ்டாக் கார்களில் வேகமானி இல்லை. வேகமே உயிராகக் கருதப்படும் விளையாட்டில், வேகத்தை அளக்கும் கருவியை ஏன் விலக்கி வைத்தனர்? அஃதில்லாமல் ஓட்டுநர் எவ்வாறு ஓட்டுகிறார்? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தருகிறது.

கடைக் காரும் பந்தயக் காரும்

கடையில் விற்பனைக்கு இருப்பு வைக்கப்பட்ட சரக்கினை ஆங்கிலேயர் ‘ஸ்டாக்’ என்பர். கடையில் வாங்கிய காரினை மாற்றம் செய்யாமல் அப்படியே ஓட்டிப் போட்டியிடுவதே தொடக்கத்தில் ஸ்டாக் கார் பந்தயமாக இருந்தது. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள டேடோனா பீச் நகரில் பில் ஃபிரான்ஸ் என்பவரின் முயற்சியால் ‘நாஸ்கார்’ என்னும் அமைப்பு உருவாயிற்று. கடைக் கார்களுக்கென அவ்வமைப்பு நடத்திய முதல் பந்தயம் 1949ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சார்லட் நகரில் நடைபெற்றது. அதில் முதலில் வந்தவரின் காரில் பின்பக்க வில்சுருள்கள் மாற்றப்பட்டிருந்தமை ஆய்வில் தெரிந்தது. உடனே அவருடைய வெற்றி நீக்கப்பட்டு, இரண்டாவதாக வந்தவர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். கார் கடையில் இருந்தவாறே இருத்தல் வேண்டும் என்னும் விதி அத்துணைக் கண்டிப்பாக இருந்தது.

காலப்போக்கில் அந்நிலை மாறியது. வேகம் கூடக் கூட விபத்தின் கொடுமையும் கூடியது. ஓட்டுநரைக் காக்க இரும்புக் குழாய்க் கூண்டு காரினுள் அமைக்கப்பட்டது. பந்தயத்திற்குத் தேவையற்றவை ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. இன்றைய ஸ்டாக் கார் வெளித்தோற்றத்தில் மட்டுமே கடைக் காரினை ஒத்திருக்கிறது. அதன் முகப்பு விளக்குகள் உண்மையான விளக்குகள் அல்ல. விளக்கைப் போல அச்சிட்டு ஒட்டிய படங்கள். அதற்குத் திறந்து மூடும் கதவுகள் இல்லை. ஓட்டுநர் சன்னல் வழியாகவே உள்ளே புகுகிறார். உடன் செல்பவருக்கு இருக்கை இல்லை. இவ்வாறு விலக்கப்பட்டவற்றின் வரிசையில் வேகமானியும் இடம்பெறுகிறது.

வேகமானி அளப்பது எதனை?

வேகமானி சாலையைப் பார்ப்பதில்லை, சுழற்சியை எண்ணுகிறது. எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் உறுப்புகள் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுழல்கின்றன என்பதைக் கொண்டே அது வேகத்தைக் கணிக்கிறது. டயர் ஒரு முறை சுழன்றால் வண்டி இவ்வளவு தொலைவு நகரும் என்பது முன்னரே கணக்கிடப்பட்டு அக்கருவியில் அமைக்கப்பட்டிருக்கும். அக்கணக்கு மாறாதவரை வேகமானி உண்மையைச் சொல்லும்.

பந்தயக் காரிலோ அக்கணக்கு இடத்திற்கு இடம் மாறுகிறது. டேடோனா பந்தயத்தடத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுடையது; அதன் வளைவுகள் 31 பாகை சாய்வாக உயர்ந்து நிற்பவை. மார்ட்டின்ஸ்வில் பந்தயத்தடத்தின் ஒரு சுற்றோ ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. வளைவுகள் மிகக் குறுகியவை. முதல் தடத்தில் நெடுந்தொலைவு விரைந்து ஓடவேண்டும்; இரண்டாவதில் அடிக்கடி வேகம் குறைத்து மீண்டும் பாய வேண்டும். எனவே, தடத்திற்கு ஏற்பப் பற்சக்கரங்களை மாற்றிப் பொருத்துகின்றனர். பற்சக்கரம் மாறினால் வேகமானியின் பழைய கணக்குப் பிழையாகிவிடும். சக்கரம் வழுக்கிச் சுழலும்போதும் அது காட்டும் எண் காரின் உண்மையான வேகமாக இராது.

எனினும், பொறியாளர்கள் இக்குறைகளைச் சரிசெய்ய இயலும். ஒவ்வொரு தடத்திற்கும் ஏற்ப வேகமானியைத் திருத்தி அமைப்பது அரிதன்று. ஆகவே, இது துணைக் காரணமே. முதன்மையான காரணம், வேகமானி சொல்லும் விடை ஓட்டுநருக்குத் தேவைப்படுவதில்லை என்பதேயாகும்.

ஓட்டுநரின் வினா

சாலையில் செல்லும் ஓட்டுநரின் மனத்தில் ஒரு வினா எப்போதும் இருக்கும். ‘அனுமதிக்கப்பட்ட வேகத்திற்குள் செல்கிறேனா?’ என்பதே அது. இதற்கு வேகமானி உடனே விடை தரும்.

பந்தயத்தடத்திலோ வேக வரம்பு இல்லை. அங்கு ஓட்டுநரின் வினாக்கள் வேறு. எஞ்சின் இன்னும் எவ்வளவு தாங்கும்? இவ்வளைவில் டயர்கள் தரையைப் பற்றி நிற்குமா? முன்னே செல்பவரை நெருங்குகின்றேனா, பின்தங்குகின்றேனா? இவற்றுள் எந்த வினாவிற்கும் வேகமானியிடம் விடை இல்லை.

ஒரு வளைவினைப் பத்தாவது சுற்றில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டுநர் நலமாகக் கடந்துவிட்டார் எனக் கொள்க. நாற்பதாவது சுற்றில் டயர்கள் தேய்ந்திருக்கும். வெயிலால் தடம் சூடேறியிருக்கும். எரிபொருள் செலவானதால் காரின் எடையும் குறைந்திருக்கும். அதே வளைவு, அதே வேகம். ஆனால் இப்போது கார் சுவரில் மோதக்கூடும். முன்னர்க் கண்ட எண்ணை நம்பி ஓட்டுபவர் ஏமாறுவார். டயர் தரையைப் பற்றியுள்ளதா, நழுவத் தொடங்கிவிட்டதா என்பதைக் கைப்பிடிச் சக்கரத்தின் அதிர்விலும், இருக்கையின் அசைவிலும், எஞ்சினின் ஒலியிலும் உணர்ந்தே ஓட்டுநர் முடிவெடுக்கிறார்.

கண்ணின் வேலையும் கருதத்தக்கது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 83 மீட்டர் கடக்கிறது. அரை நொடி கருவியை நோக்கினால், அதற்குள் கார் 41 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். முன்னும் பின்னும் பக்கத்திலும் பிற கார்கள் ஒரு மீட்டர் இடைவெளியும் இன்றி நெருங்கிவரும் தடத்தில், அந்த அரை நொடி விலைமதிப்பற்றது. பயனில்லாத ஓர் எண்ணிற்காக அதனைச் செலவிட எவரும் விரும்பார்.

கடிகாரம் சொல்லும் வேகம்

அவ்வாறாயின், தாம் விரைவாக ஓட்டுகின்றோமா என்பதை ஓட்டுநர் எங்ஙனம் அறிவார்? அதற்குக் கடிகாரம் துணைநிற்கிறது. ஒவ்வொரு சுற்றினையும் முடிக்க எத்தனை நொடிகள் ஆயின என்பது துல்லியமாக அளக்கப்படுகிறது. தடத்திற்கு வெளியே இருக்கும் குழுத்தலைவர் அதனை வானொலிக் கருவி வழியாக ஓட்டுநரின் காதிற்குத் தெரிவிக்கிறார். அரங்கின் உச்சியில் நின்று நோக்கும் கண்காணிப்பாளர், பக்கத்தில் வரும் கார்களைப் பற்றி அவ்வப்போது எச்சரிக்கிறார். ஓட்டுநரின் கண் பாதையிலேயே இருக்கிறது. செய்தி செவி வழியாக வந்து சேர்கிறது.

கடிகாரம் வேகமானியைவிட நுட்பமானது என்பதை ஒரு கணக்கினால் உணரலாம். டேடோனாவில் சராசரியாக மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு சுற்றினை முடிக்க ஏறத்தாழ 48 நொடிகள் ஆகும. மற்றொரு கார் அதனைவிட நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்னதாக முடிக்கிறது எனக் கொள்க. இரண்டிற்கும் இடையிலான வேக வேறுபாடு மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அவ்வளவு சிறிய வேறுபாட்டினை வேகமானியின் முள்ளைப் பார்த்து எவராலும் கண்டறிய முடியாது. ஆனால், டேடோனா 500 பந்தயம் 200 சுற்றுகள் கொண்டது. சுற்றுக்குப் பத்தில் ஒரு நொடி வீதம் 200 சுற்றுகளில் 20 நொடிகள் சேர்ந்துவிடும். 20 நொடியில் கார் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் சென்றிருக்கும். முள் காட்டாத சிறு வேறுபாடு வெற்றி தோல்வியையே தீர்மானிக்கிறது.

பந்தயச் சாதனைகளும் கடிகாரத்தால் அறியப்பட்டவையே. 1987ஆம் ஆண்டு டல்லடேகா பந்தயத்தடத்தில் நடைபெற்ற தகுதிச் சுற்றில் பில் எலியட் என்னும் ஓட்டுநர் 2.66 மைல் நீளமுள்ள ஒரு சுற்றினை 44.998 நொடிகளில் முடித்தார். தொலைவினைக் காலத்தால் வகுத்துக் கிடைத்த வேகம் மணிக்கு 212.809 மைல், அதாவது ஏறத்தாழ 342 கிலோமீட்டர். அப்பெருவேகத்தை அவருடைய காரிலிருந்த எந்த முள்ளும் காட்டவில்லை.

கருவிப்பலகையில் உள்ளவை

வேகமானி இல்லை எனினும் ஓட்டுநரின் முன்னுள்ள கருவிப்பலகை வெறுமையாக இருப்பதில்லை. அதில் முதன்மையானது சுழற்சிமானி. எஞ்சின் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுழல்கிறது என்பதை அது காட்டும். அளவுக்கு மீறிச் சுழன்றால் எஞ்சின் உடைந்துவிடும்; அளவு குறைந்தால் கார் பாயாது. எப்போது பற்சக்கரத்தை மாற்ற வேண்டும் என்பதையும் அதனைக் கொண்டே அறியலாம். எண்ணெயின் அழுத்தம், எண்ணெயின் வெப்பம், நீரின் வெப்பம், எரிபொருளின் அழுத்தம், மின்னழுத்தம் ஆகியவற்றைக் காட்டும் கருவிகளும் உண்டு. இவையனைத்தும் எஞ்சின் நலமாக உள்ளதா என்னும் ஒரே வினாவிற்கு விடை கூறுபவை.

முள் உள்ள கருவிகளைப் பொருத்துவதில் பந்தயக் குழுவினர் ஒரு நுட்பத்தைக் கையாள்வதுண்டு. எல்லாம் சரியாக இருக்கும்போது முட்கள் யாவும் நேர்மேலே நோக்கி நிற்குமாறு கருவிகளைத் திருப்பிப் பொருத்துவர். ஓட்டுநர் எண்களைப் படிக்க வேண்டியதில்லை. ஒரு முள் சாய்ந்திருந்தால் அது கடைக்கண்ணிலேயே தெரிந்துவிடும்.

இக்காரில் எரிபொருளின் அளவைக் காட்டும் கருவியும் இல்லை. எரிபொருள் நிரப்பிய கலத்தினை முன்னும் பின்னும் எடையிட்டு, காருக்குள் எவ்வளவு சென்றது என்று குழுவினர் கணக்கிடுகின்றனர். இன்னும் எத்தனை சுற்றுகள் ஓடலாம் என்பதை அவர்களே ஓட்டுநருக்குக் கூறுகின்றனர்.

வேகம் அறிந்தே ஆகவேண்டிய ஓரிடம்

இத்தகைய பந்தயத்திலும் ஓரிடத்தில் வேக வரம்பு உண்டு. டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் கார்கள் பந்தயத்தடத்திலிருந்து விலகி, அதனையொட்டிய ஒரு சாலைக்குள் வருகின்றன. அதனைப் ‘பிட் சாலை’ என்பர். அங்கு ஒவ்வொரு காருக்கும் தனியிடம் குறிக்கப்பட்டிருக்கும். கார் வந்து நின்றவுடன் பணியாளர்கள் தடுப்புச் சுவரைத் தாண்டி ஓடிவந்து டயர்களை மாற்றுவர். சில நொடிகளில் கார் மீண்டும் புறப்பட்டுவிடும்.

முற்காலத்தில் பிட் சாலையிலும் வேக வரம்பு இல்லை. 1990ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அட்லாண்டாவில் நடைபெற்ற பந்தயத்தின்போது, பிட் சாலைக்குள் வந்த ஒரு கார் கட்டுப்பாட்டை இழந்து சுழன்று, டயர் மாற்றிக்கொண்டிருந்த பணியாளர் ஒருவர்மீது மோதியது. அவர் உயிரிழந்தார். அதன்பின், 1991ஆம் ஆண்டில் பிட் சாலைக்கு வேக வரம்பு விதிக்கப்பட்டது. தடத்தின் அளவிற்கேற்ப அவ்வரம்பு மாறும். பெரிய தடங்களில் மணிக்கு 55 மைல், சிறிய தடங்களில் அதனினும் குறைவு. வரம்பினைவிட 5 மைல் வரை கூடினால் பொறுத்துக்கொள்வர்; அதற்கு மேல் சென்றால் தண்டனை உண்டு.

வேகமானி இல்லாத ஓட்டுநர் இவ்விதியை எங்ஙனம் காப்பார்? சுழற்சிமானியே இங்கும் உதவுகிறது. பற்சக்கரமும் டயரின் சுற்றளவும் தெரிந்தால், குறிப்பிட்ட வேகத்திற்கு எஞ்சின் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். பின்வரும் எடுத்துக்காட்டைக் காண்க. இதிலுள்ள அளவுகள் கணக்கு எளிதாக அமையும் பொருட்டுத் தரப்பட்டவை.

• வேக வரம்பு மணிக்கு 72 கிலோமீட்டர் என்க. அது நொடிக்கு 20 மீட்டர்.
• டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்க. எனவே, டயர் நொடிக்கு 10 முறை, நிமிடத்திற்கு 600 முறை சுழல வேண்டும்.
• பொருத்தப்பட்ட பற்சக்கரங்களின்படி, டயர் ஒரு முறை சுழல எஞ்சின் 7 முறை சுழல்கிறது என்க.
• ஆகவே, எஞ்சின் நிமிடத்திற்கு 600 × 7 = 4200 முறை சுழல வேண்டும்.

குழுவினர் இவ்வெண்ணைப் பந்தயத்திற்கு முன்னரே கணக்கிட்டு ஓட்டுநரிடம் கூறுகின்றனர். பந்தயம் தொடங்குமுன் எல்லாக் கார்களும் ஒரு முன்னோடிக் காரின் பின்னே மெதுவாக அணிவகுத்துச் செல்லும். அப்போது அம்முன்னோடிக் கார் பிட் சாலையின் வேகத்திலேயே செல்லும். ஓட்டுநர் தம் சுழற்சிமானியை நோக்கி, குழுவினர் கூறிய எண் சரியா எனச் சரிபார்த்துக்கொள்வார். இன்றைய கார்களில் முள்ளுக்கு மாற்றாக மின்திரை வந்துவிட்டது. பிட் சாலையில் வேகம் வரம்பினை நெருங்கும்போது சிறு வண்ண விளக்குகள் ஒளிர்ந்து எச்சரிக்கும். ஃபார்முலா ஒன் கார்களில் பிட் சாலையில் வேகம் கூடாமல் தானே தடுக்கும் அமைப்பு உண்டு. நாஸ்கார் பந்தயத்தில் அவ்வமைப்பு இல்லை. வேகத்தைக் காப்பது ஓட்டுநரின் பாதமே.

பிட் சாலையில் வேகம் அளக்கப்படும் முறையும் கடிகார முறையே. சாலை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியின் தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோட்டினை அடைய ஆன காலம் மின்கருவிகளால் அளக்கப்படும். 60 மீட்டர் நீளமுள்ள பகுதியை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கடக்க 3 நொடிகள் ஆகும். அதனினும் முன்னதாகக் கடந்தால் வேகம் மிகுந்தது என்று பொருள்.

கைநழுவிய வெற்றி

2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் இண்டியானாபொலிஸ் நகரில் 400 மைல் பந்தயம் நடைபெற்றது. கொலம்பியா நாட்டைச் சேர்ந்த ஹுவான் பாப்லோ மோன்டோயா அதில் கலந்துகொண்டார். 160 சுற்றுகளுள் 116 சுற்றுகளில் அவரே முன்னணியில் இருந்தார். வெற்றி உறுதி என்றே பலரும் எண்ணினர்.

பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் அவர் பிட் சாலைக்குள் வந்து சென்றார். அங்கு வரம்பு மணிக்கு 55 மைல். பொறுத்துக்கொள்ளும் அளவையும் சேர்த்தால் 60 மைல். அவருடைய வேகம் 60 மைலைச் சிறிதளவு கடந்துவிட்டதாகக் கருவிகள் காட்டின. கடந்த அளவு ஏறத்தாழப் பத்தில் ஒரு மைல் மட்டுமே. தாம் வரம்பினை மீறவில்லை என்று அவர் வானொலியில் உறுதியாக வாதிட்டார். ஆனால், விதி வளையவில்லை. பந்தயம் விரைவாக நடந்துகொண்டிருக்கும்போதே அவர் மீண்டும் ஒருமுறை பிட் சாலையின் வழியே மெதுவாகச் சென்று திரும்ப வேண்டியதாயிற்று. அதற்குள் பிறர் முன்னே சென்றுவிட்டனர். அன்று வென்றவர் ஜிம்மி ஜான்சன். மோன்டோயாவிற்குக் கிடைத்தது பதினோராம் இடம்.

பத்தில் ஒரு மைலுக்கு இத்துணைப் பெரிய தண்டனையா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஆனால், ஒருவருக்குத் தளர்த்திய விதியை அடுத்தவருக்கும் தளர்த்த வேண்டியிருக்கும். பிட் சாலையில் நிற்பவர்கள் காரினுள் கவசக் கூண்டில் அமர்ந்தவர்கள் அல்லர். வெறுந்தரையில் மண்டியிட்டுச் சக்கரம் மாற்றுபவர்கள். அவர்களுடைய உயிரைக் காக்கவே அவ்விதி பிறந்தது.

அளவும் தேவையும்

பந்தயத்தடத்தில் ஓடும் அனைவரும் ஒரே திசையில் செல்பவர்கள். இடர் அறிந்து பயிற்சி பெற்றவர்கள். அங்கு எவரும் குறுக்கே நடப்பதில்லை. எனவே, அங்கு வேகத்தின் எண் தேவைப்படவில்லை. பிட் சாலையிலோ மனிதர்கள் நிற்கின்றனர். அங்குக் கால் வைத்தவுடன் வேகம் எண்ணாக மாறுகிறது, வரம்பு பிறக்கிறது.

ஊர்ச் சாலைகள் அனைத்தும் பிட் சாலையைப் போன்றவையே. பள்ளி முடிந்து குழந்தைகள் சாலையைக் கடக்கின்றனர். தள்ளுவண்டியில் காய் விற்பவர் ஓரமாகச் செல்கிறார். முதியவர் பேருந்திற்காகக் காத்து நிற்கிறார். ஆதலால், சாலையில் ஓடும் வண்டிகளுக்கு வேகமானி இன்றியமையாதது. பந்தய வீரர் வேகமானி இன்றி ஓட்டுகிறார் என்பதைக் கண்டு, சாலையில் செல்பவர் அதனைப் புறக்கணித்தல் தகாது. அவ்வீரரும் மனிதர்கள் நிற்கும் இடத்திற்கு வந்தவுடன், வேகமானி இல்லாத குறையைக் கணக்கிட்டு நிறைவு செய்துகொள்கிறார்.

தெரிந்து கொள்க

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆவார். அவர் 2005ஆம் ஆண்டு அப்பந்தயத்தில் அறிமுகமானார். 2010ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று நாஸ்கார் அமைப்பின் டிரக் பந்தயத் தொடரிலும் பங்கேற்றார். அத்தொடரில் அவருடைய முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நடைபெற்றது.

அருஞ்சொற்பொருள்

வேகமானி – வண்டியின் வேகத்தைக் காட்டும் கருவி
சுழற்சிமானி – எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் கருவி
பாகை – கோணத்தின் அளவு
வில்சுருள் – அதிர்வைத் தாங்கும் சுருள்கம்பி
துணைக் காரணம் – முதன்மையல்லாத காரணம்
கடைக்கண் – கண்ணின் ஓரம்
தகாது – பொருந்தாது

இலக்கணக் குறிப்பு

தேய்ந்த டயர் – பெயரெச்சம்
அறியாமல் – எதிர்மறை வினையெச்சம்
முன்னும் பின்னும் – எண்ணும்மை
ஓட்டுதல் – தொழிற்பெயர்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கடைக் கார்களுக்கென நாஸ்கார் நடத்திய முதல் பந்தயம் ________ நகரில் நடைபெற்றது.
2. எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் கருவி ________.
3. பிட் சாலைக்கு வேக வரம்பு விதிக்கப்பட்ட ஆண்டு ________.
4. டேடோனா 500 பந்தயத்தில் ________ சுற்றுகள் உள்ளன.

ஆ. சரியா, தவறா எனக் கூறுக.
1. ஸ்டாக் காரின் முகப்பு விளக்குகள் இரவில் ஒளி தரும்.
2. எல்லாத் தடங்களிலும் ஒரே வகைப் பற்சக்கரமே பயன்படுகிறது.
3. பிட் சாலையில் வேகம், கடக்க ஆன காலத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது.

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஸ்டாக் கார் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. காரில் எவ்வளவு எரிபொருள் உள்ளது என்பதைக் குழுவினர் எவ்வாறு அறிகின்றனர்?
3. கருவிகளின் முட்கள் நேர்மேலே நிற்குமாறு ஏன் பொருத்தப்படுகின்றன?

ஈ. ஐந்து அல்லது ஆறு தொடர்களில் விடை தருக.
1. பந்தயத்தடத்தில் வேகமானி ஏன் தேவைப்படுவதில்லை?
2. கடிகாரம் வேகமானியைவிட நுட்பமானது என்பதை விளக்குக.
3. மோன்டோயாவிற்கு அளிக்கப்பட்ட தண்டனை முறையானதா? உம் கருத்தினைக் காரணத்துடன் எழுதுக.

உ. மொழிப்பயிற்சி
1. ‘மானி’ என்பது அளக்கும் கருவியைக் குறிக்கும். வேகமானி, சுழற்சிமானி என்பன போல ‘மானி’ என முடியும் வேறு மூன்று சொற்களை எழுதுக.
2. பிரித்து எழுதுக: மின்னழுத்தம், கருவிப்பலகை, அவ்வமைப்பு.
3. ‘கைநழுவிய’, ‘விலைமதிப்பற்ற’ ஆகிய சொற்களைச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.

ஊ. கணக்கிட்டுப் பார்க்க
மணிக்கு 54 கிலோமீட்டர் வேக வரம்புள்ள பிட் சாலையில் 45 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியைக் கடக்கக் குறைந்தது எத்தனை நொடிகள் ஆகவேண்டும்?

எ. செயல்பாடு
உம் பள்ளிக்கு அருகிலுள்ள சாலையில் வேக வரம்பினைக் குறிக்கும் பலகை உள்ளதா என ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன் காண்க. அவ்விடத்தில் வரம்பு ஏன் தேவை என்பதை எட்டுத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.